ஏழாண்டுகளுக்குப் பின் நிக்கான் டி850: கொடுத்த விலைக்குத் தகுமா?

சென்ற வாரம் என் நிக்கான் டி850 கேமரா பழுது நீங்கி வீட்டுக்கு வந்தது. தாராசுரம் கோயிலின் கல்தளத்தில், தனியாக வாங்கி மாட்டியிருந்த தோள்வாரின் கொக்கி கழன்று, இடுப்பு உயரத்திலிருந்து விழுந்ததில் லென்ஸ் பொருந்தும் வளையம் இலேசாகக் கோணிப்போயிருந்தது. வளையத்தை மாற்றி, ஃபோகஸைச் சரிபார்த்துத் திருப்பித் தர ஏழு வாரம் ஆயிற்று. அது கைக்கு வந்த அன்றே, கும்பகோணத்தில் என்னுடன் படமெடுக்க வரும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணே, பழைய டி850 இப்ப நீங்க வாங்குன விலையில பாதிக்கும் கீழ கிடைக்குது. வாங்கிடலாமா?”

ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கும், அவரைப் போல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆர்வத்துக்காகப் படமெடுக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன். படமெடுத்துப் பிழைப்பவர்களின் கணக்கு வேறு. முகூர்த்த மாதங்களில் கேமரா தன் விலையைத் தானே சம்பாதித்துக்கொள்ளும், நமக்கு அப்படியில்லை.

டி850-ஐ நிக்கான் அறிவித்தது 2017 ஆகஸ்டில். அடுத்த ஆண்டு, லென்ஸ் இல்லாமல் வெறும் உடலுக்கு மட்டும் இரண்டரை லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினேன். அதற்கு முன் என்னிடம் இருந்தது பழைய டி700. இரண்டும், பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள, ஒளியைப் பதியும் முழுச்சட்ட சென்சார் கொண்டவை. ஆனால் அதில் இருந்தது 1 கோடியே 21 லட்சம் பிக்சல், இதில் இருப்பது 4 கோடியே 57 லட்சம். மற்ற விவரங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் விட்டுவிடுகிறேன்.

முதலில், இந்தக் கேமரா எனக்குக் கொடுத்த பெரிய மகிழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். அது ஐ.எஸ்.ஓ. 64. ஐ.எஸ்.ஓ. என்பது ஒளிக்கான உணர்திறனின் அளவு; அது குறையக் குறையப் படம் தூய்மையாக வரும், ஆனால் அதிக ஒளி வேண்டும். இதன் அடிப்படை ஐ.எஸ்.ஓ. அளவே 64 என்பதை வாங்கும்போது நான் பொருட்படுத்தவில்லை. டி700-இன் அடிப்படை அளவான 200-க்கும் இதற்கும் பெரிதாக என்ன வேறுபாடு இருந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் விடிகாலையில் காவிரிப் படித்துறையில் ட்ரைபாடில் வைத்து, வானம் வெளுத்துப்போகாதபடி ஒளியைக் குறைத்து எடுத்த படத்தில், படிக்கட்டுகள் ஏறத்தாழக் கரிய திட்டாகவே இருந்தன. வீட்டில் அந்த இருட்டை நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) வரை உயர்த்தியபோது, படிகளின் ஈரமும், இரண்டு கற்களுக்கு இடையே முளைத்திருந்த அரசங்கன்றும், கடைசிப் படியில் யாரோ விட்டுச்சென்ற மஞ்சள் துண்டும் நிறம் மாறாமல், புள்ளி தட்டாமல் எழுந்து வந்தன. டி700-இல் இதே வேலையைச் செய்தால் நிழல் முழுவதும் செம்மண் தூவியது போலப் புள்ளி புள்ளியாகிவிடும். அன்று நான் செலவழித்த பணத்தைப் பற்றி ஒரு துளி வருத்தமும் எனக்கு இல்லை.

ஆனால் அந்தப் படம் ட்ரைபாடில் எடுத்தது. ஏழாண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பதும் இங்கேதான் தொடங்குகிறது. டி700-இன் ஒரு பிக்சலின் அகலம் 8.45 மைக்ரான், டி850-இல் அது 4.35 மைக்ரான், அதாவது ஏறத்தாழப் பாதி. கை எவ்வளவு ஆடினால் டி700-இல் ஒரு பிக்சலுக்குள்ளேயே அடங்கி மறைந்துவிடுமோ, அதே ஆட்டம் இங்கே இரண்டு பிக்சல்களில் பரவி, கோடு இரட்டையாகத் தெரிகிறது. கை ஆட்டம் தெரியாமலிருக்க, ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஐம்பதில் ஒரு பங்கு விநாடி ஷட்டர் வேகம் போதும் என்று நாம் பாடமாக வைத்திருக்கும் கணக்கு இதற்குப் பொருந்தவில்லை. என் கைக்கு இருநூறில் ஒரு பங்கு வேண்டியிருக்கிறது. உடலுக்குள்ளேயே சென்சாரை அசைத்து ஆட்டத்தை ஈடுசெய்யும் அமைப்பு டி850 போல உள்ளே கண்ணாடி வைத்த எந்த நிக்கான் டி.எஸ்.எல்.ஆரிலும் கிடையாது. என்னிடமுள்ள 50 மி.மீ. லென்ஸிலும் அது இல்லை.

இதைக் கேமராவின் குறை என்று சொல்வது நியாயமாகாது. இரண்டு கேமராக்களிலும் ஒரே ஆட்டத்துடன் எடுத்த படங்களை ஒரே அளவில் அச்சிட்டுப் பார்த்தால், டி850 படம் மோசமாக இருக்காது. பெரும்பாலும் சற்று நன்றாகவே இருக்கும். கூடுதல் பிக்சல் எதையும் கெடுப்பதில்லை; இருப்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். இவ்வளவும் தெரிந்த பிறகும், நாலரைக் கோடி பிக்சலுக்குப் பணம் கொடுத்தவன் அதை நூறு விழுக்காட்டில், அதாவது படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல் என்று, பெரிதாக்கிப் பார்க்காமல் இருப்பது எப்படி? பார்க்கும் ஒவ்வொரு முறையும், கொடுத்த பணத்தில் பாதி என் விரல் நடுக்கத்தில் போய்விட்டது என்பதே கண்ணில் படுகிறது.

ட்ரைபாட் வைத்தால் தீர்ந்தது என்பார்கள். நான் படமெடுக்க விரும்பும் இடங்கள் கோயில்கள். தாராசுரம், தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்றும் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளவை. முன் அனுமதி இல்லாமல் அங்கே ட்ரைபாட் வைக்க முடியாது. வார விடுமுறையில் போய் இரண்டு மணி நேரம் நின்று வரும் என்னைப் போன்றவன் ஒவ்வொரு முறையும் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க இயலாது. ஆகவே கையில் பிடித்தே எடுக்கிறேன். தாராசுரத்தின் மண்டபத்துக்குள் பகல் பதினோரு மணிக்கு, ஐ.எஸ்.ஓ. 64-இல், லென்ஸ் துளையை f/5.6-இல் வைத்து எடுத்தால் எட்டில் ஒரு பங்கு விநாடி வருகிறது. என் கைக்குத் தேவையான இருநூறில் ஒரு பங்குக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் ஐ.எஸ்.ஓ. 1600-க்கு ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிய உடனேயே, படித்துறையில் என்னை மயக்கிய அந்த நிழல் ஆழத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. எதற்காக இந்தக் கேமராவை வாங்கினேனோ, அதை அனுபவிக்க முடியாத இடத்தில்தான் நான் பெரும்பாலும் நிற்கிறேன்.

தாராசுரத்தில் கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் அறுபத்து மூன்று நாயன்மார்களின் வரலாற்றைச் சொல்லும் சிறு சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்டுத் தரும் காட்சியும் அவற்றில் ஒன்று. தரைக்கு அருகில் இருப்பதால் குனிந்து, மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டும். சாய்த்துக்கொள்ளும் பின்திரை அங்கே பெரிய உதவி. தரையில் படுக்காமலே சிற்பத்தின் உயரத்தில் கேமராவை வைக்கலாம். ஆனால் பின்திரையைப் பார்த்து எடுக்கும்போது, கண்ணோடு ஒட்டி நெற்றியில் முட்டுக்கொடுக்கும் பிடிமானம் போய்விடுகிறது. லென்ஸோடு சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்கு அருகில் வரும் எடையை நீட்டிய கைகளில் தாங்கிக்கொண்டு மூச்சை அடக்க வேண்டும். அன்று எடுத்த நாற்பது படங்களில், முதலையின் பல்வரிசை தெளிவாக நின்றது மூன்றில்தான். அந்த மூன்றும் மிக அருமையான படங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

விலையைப் பற்றிப் பேசும்போது யாரும் முழுத்தொகையைச் சொல்வதில்லை. டி700-இல் குறையே தெரியாமல் பல ஆண்டுகள் ஓடிய ஜூம் லென்ஸ், இதில் மாட்டியதும் ஓரங்களில் மங்கலாகத் தெரிந்தது. அதை விற்று வேறு வாங்கினேன். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு ஒன்று ஐம்பது மெகாபைட்டைத் தொடுகிறது. ஒரு தேரோட்டத்தில் ஆயிரம் படம் எடுத்தால் ஐம்பது ஜிகாபைட். பழைய கணினி ஒவ்வொரு படத்தையும் திறக்கத் திணறியதால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஹார்டு டிஸ்க் இரண்டு, பிறகு அவற்றுக்கு நகலாக இன்னும் இரண்டு. படங்களைச் சேமிக்கும் எக்ஸ்.க்யூ.டி. நினைவக அட்டையின் விலையைக் கடைக்காரர் சொன்னபோது இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். கூட்டிப் பார்த்தால், கேமராவுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் அதைச் சுற்றியே செலவாகியிருக்கிறது. கேமராவைப் பழையதாகக் குறைந்த விலைக்கு வாங்கினாலும் இந்தச் செலவில் ஒரு ரூபாய்கூடக் குறையாது; தம்பி முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

கேமரா பழுதுக்குப் போயிருந்த ஏழு வாரமும் பீரோவிலிருந்து டி700-ஐ எடுத்துக்கொண்டு திரிந்தேன். 2016 மகாமகம் முழுவதையும் எடுத்தது அந்தக் கேமராதான். குளத்தின் வடகரைப் படியில், நனைந்த சேலையோடு பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறும் ஒரு பாட்டியின் படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குல அளவில் அச்சிட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் அதே அளவில் டி850 படம் ஒன்றும் தொங்குகிறது. வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட இரண்டுக்கும் இடையே தர வேறுபாடு இருப்பதாகச் சொன்னதில்லை. எல்லோரும் பாட்டியின் படத்தின் முன்னால்தான் நிற்கிறார்கள். நான்கு கே தொலைக்காட்சியில் உள்ள பிக்சல்களே 83 லட்சம்தான் என்னும்போது, கைப்பேசியில் பார்ப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த ஏழு வாரத்தில் ஷட்டர் வேகத்தைப் பற்றிய பயம் இல்லாமல், கையைப் பற்றிய கவலை இல்லாமல், எதிரில் இருக்கும் மனிதர்களைப் பார்த்துப் படமெடுத்தேன். வெகுநாட்களுக்குப் பிறகு அது எவ்வளவு இன்பமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

உறுதியைப் பற்றி ஒரு சொல்: கல்தளத்தில் விழுந்தும் வளையத்தைத் தவிர வேறெதுவும் போகவில்லை. பேட்டரி ஒரு நாள் திருவிழாவுக்குத் தாராளமாகத் தாங்குகிறது. இருட்டில் பொத்தான்கள் ஒளிர்வதன் அருமை, இரவு முழுவதும் தெருக்கூத்து எடுத்தவர்களுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு, தம்பிக்கு நான் சொல்லும் பதில்: வாங்க வேண்டாம். கையில் பிடித்துக் கோயிலும் திருவிழாவும் எடுப்பவருக்கு, பழைய கேமராவாகக் கிடைக்கும் குறைந்த விலைக்கும் இது தகாது. இதே 4 கோடியே 57 லட்சம் பிக்சல்தான் வேண்டுமென்றால், 2018-இல் வந்த, உள்ளே கண்ணாடி இல்லாத நிக்கானின் மிரர்லெஸ் கேமரா இசட்7-லும் அது இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 64-உம் இருக்கிறது, ஆட்டத்தை ஈடுசெய்யும் அமைப்பு உடலுக்குள்ளேயே இருக்கிறது. அதுவும் இப்போது பழைய கேமராச் சந்தையில் கிடைக்கிறது. கண்ணாடி வழியே நேராகத் தெரியும் காட்சி அதில் இல்லை என்பது எனக்குப் பெரிய இழப்பு. அவருக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை.

என்னுடையதை நான் விற்கப்போவதில்லை. தாராசுரத்துச் சுவரில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் ரிஷப குஞ்சரத்தை, ஒரு மாலை சாய்வெயில் நேரே விழுந்த பத்து நிமிடத்தில், ஐ.எஸ்.ஓ. 64-இலேயே, இருநூறில் ஒரு பங்கு விநாடியில் எடுத்தேன். அந்த ஒற்றைக் கண்ணின் ஓரத்தில் உளி மூன்று முறை நிறுத்தி நிறுத்திச் சென்ற தடம் படத்தில் எண்ணும்படி இருக்கிறது. பலமுறை அருகில் நின்று பார்த்தும் என் கண்ணுக்குத் தெரியாத தடம் அது.

வரும் ஞாயிறு தம்பியைத் தாராசுரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கேமராவை அவர் கையிலேயே கொடுக்கிறேன்; ட்ரைபாட் இல்லாமல் நூறு படம் எடுக்கட்டும். அவற்றைக் கணினியில் நூறு விழுக்காட்டில் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், வாங்கப்போகும் கேமராவின் ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேட்டு, 2 லட்சம் முறை என்று நிக்கான் சோதித்துச் சொல்லும் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். லென்ஸும் சேர்த்துக் கொடுத்தால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது.