கொல்லைப்புறக் குளம்: சிமெண்டா, ஷீட்டா, கிணற்று உறையா?

கொல்லையில் சின்னதாக ஒரு குளமும் அதில் தண்ணீர் விழ ஒரு கல்மேடும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் மீனைப் பற்றித்தான் பேசுவார்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது, அந்தத் தண்ணீர் எதற்குள் நிற்கப் போகிறது என்பது. நம் ஊரில் கைக்கு எட்டும் வழிகள் நான்கு: சிமெண்ட் தொட்டி, குழியில் விரிக்கும் ஷீட், கடையில் வார்த்து விற்கும் ஃபைபர் தொட்டி, கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை. ஆள் வைத்துச் செய்தால் கணக்கே வேறு. நீங்களே மண்வெட்டி பிடித்துச் செய்வதென்றால் எது தேறும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

சிமெண்ட் தொட்டி

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எந்த வடிவத்திலும் கட்டலாம், கல்லை நேராகவே பதிக்கலாம், எலி கடிக்காது. நன்றாகக் கட்டிவிட்டால் ஆயுசுக்கும் நிற்கும். அந்த ‘நன்றாக’தான் சிக்கல். செங்கல் வைத்துப் பூசிவிட்டால் குளம் ஆகிவிடாது. அடியிலும் பக்கத்திலும் கம்பி கட்டி, ஒரே மூச்சில் கான்கிரீட் போட்டு, அதன் மேல் வாட்டர் ப்ரூஃப் கலந்து பூச வேண்டும். புதிதாகக் கரண்டி பிடிப்பவருக்கு இது ஒத்துவராது.

அடுத்தது மண். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த இழுப்பில் தொட்டியில் மயிரிழை விரிசல் விழுந்தாலே போதும், தினமும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு.

மீன் விடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். ஒரு வாரமாவது ஈரம் காயாமல் தண்ணீர் விட்டு இறுகவைத்து, அப்புறம் நிரப்பிச் சில நாள் வைத்துக் கொட்டிவிட்டு, மறுபடி நிரப்பி, இப்படிச் சில முறை செய்ய வேண்டும். மீன் கடையில் கிடைக்கும் பிஎச் சோதனைத் தாளில் 8.5-க்குக் கீழே வந்த பிறகுதான் மீன்.

ஷீட்

குழி கொஞ்சம் பெரிதென்றால் என் ஓட்டு இதற்குத்தான். மண் அசைந்தால் ஷீட்டும் கூடவே அசைந்து கொடுக்கும், அதனால் கரிசலுக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் ஷீட் என்றால் எல்லாம் ஒன்றல்ல. சந்தையில் விற்கும் நீலத் தார்ப்பாய் வெயிலில் பொடிந்துவிடும், அதை விட்டுவிடுங்கள். பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் (அரை மி.மீ.) ஷீட் வெயிலைத் தாங்கும், விலையும் கட்டுபடியாகும். விறைப்பாக இருப்பதால் வளைவுகளில் மடிப்பு மடிப்பாக நிற்கும் என்பது அதன் குறை. இபிடிஎம் எனப்படும் ரப்பர் ஷீட் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் மெத்தென்று குழியின் மேடுபள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளும். விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. நேர்ச்சதுரக் குழி என்றால் பண்ணைக்குட்டை ஷீட்டே போதும். வளைந்து நெளிந்த குளத்துக்குத்தான் ரப்பருக்குச் செலவு செய்வது நியாயம்.

அளவு எளிது: நீளத்தோடு ஆழத்தை இரண்டு மடங்காகக் கூட்டி, கரையில் மடிக்கப் பக்கத்துக்கு 30 செ.மீ. சேர்க்க வேண்டும். அகலத்துக்கும் அதே கணக்கு. 3 மீட்டருக்கு 2 மீட்டர், ஆழம் 60 செ.மீ. என்றால் 4.8-க்கு 3.8 மீட்டர் ஷீட். அந்தக் குளம் பிடிப்பது அதிகபட்சம் 3,600 லிட்டர். கோடையில் ஒரு நாளைக்கு 6, 7 மி.மீ. ஆவியாகப் போனாலே ஏறக்குறைய 40 லிட்டர் போய்விடும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது.

அடியில் கூர்மையான கல், வேர் எல்லாம் பொறுக்கிவிட்டு இரண்டு அங்குலம் மணல் போட வேண்டும். அதன் மேல் பழைய நைலான் கம்பளம் ஏதாவது விரிக்கலாம். சாக்கு வேண்டாம், மக்கிவிடும். கரை சுற்றிலும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்துப் பார்க்காமல் ஷீட்டை விரிக்கக் கூடாது. ஒரு பக்கம் தாழ்ந்தால் எதிர்ப்பக்கம் ஷீட் பல்லிளிக்கும், பின்னால் திருத்துவது பெரும்பாடு.

ஷீட் தோற்கும் இடமும் உண்டு. பெருச்சாளி நடமாட்டமுள்ள கொல்லை, மூங்கில் புதர் ஓரம் இரண்டிலும் வேண்டாம். கடற்கரையோர மணற்பாங்கில் நிலத்தடி நீர் மேலாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஏறும்போது ஷீட்டை அடியிலிருந்து தூக்கிவிடும். குளத்தின் நடுவில் ஷீட் உப்பி நிற்பதைப் பார்த்துச் சிலர் ஓட்டை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஃபைபர் தொட்டி

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விலையும் வண்டிக்கூலியும் சேர்ந்து கொள்ளளவுக்குக் கட்டுபடியாகாது. தொட்டியின் வடிவத்துக்கே குழி வெட்டி, சுற்றிலும் மணல் இட்டுக் கெட்டிக்க வேண்டும். மேல்மட்ட நிலத்தடி நீர் காலித் தொட்டியை மிதக்கவும் வைத்துவிடும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு மட்டும் இது நல்ல தேர்வு, காலி செய்யும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

கிணற்று உறை

தோட்டக்கலைப் படங்களில் இதைப் பார்க்க முடியாது. ஆனால் முதல் குளத்துக்கு இதைவிட நல்லது இல்லை என்பேன். 4 அடி விட்டத்தில், ஓரடி உயர உறை இரண்டை அடுக்கினால் ஏறத்தாழ 700 லிட்டர். கப்பி மீனும் அல்லியும் வளர்க்க அது தாராளம் (கோய் மீன் ஆசை இருந்தால் இந்த வழி வேண்டாம், அதற்கு ஒரு மீட்டராவது ஆழம் வேண்டும்). ஒவ்வொரு உறையும் வார்த்த ஒரே துண்டு என்பதால் மண் அசைந்தாலும் எளிதில் வெடிக்காது. பாதியைப் புதைத்து, பாதியை மேலே விட்டால், தவழும் குழந்தை நேராக உள்ளே விழாது. ஷீட் குளத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒழுகினால் அடியிலோ இரண்டு உறையும் சேரும் இடத்திலோதான் ஒழுகும். முதலில் தரையில் கான்கிரீட் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே உறையை இறக்கி, உள்மூலையில் சரிவாகவும், உறைகள் சேரும் இடத்திலும் பூசிவிட வேண்டும். உருட்டிக் கொண்டுவர இரண்டு மூன்று பேர் கட்டாயம். சுண்ணாம்புத் தொல்லை இதற்கும் உண்டு. வட்டம் தவிர வேறு வடிவமும் கிடையாது.

தண்ணீர் விழும் இடம்

எந்தக் குளம் என்றாலும் ஒழுகல் புகார் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வரும் என்பது என் கணிப்பு. மட்டம் இறங்கினால் பம்பை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். இறங்குவது நின்றுவிட்டால் குளத்தில் பழுதில்லை, அருவியில்தான் கசிவு. கல்லை அடுக்கிச் சிமெண்ட் வைத்தால் மட்டும் போதாது, அதன் அடியிலும் ஒரு ஷீட் ஓடிவந்து குளத்துக்குள் தொங்க வேண்டும். விழும் விளிம்புக்குக் கடப்பாக் கல் நல்லது, ஆனால் கொஞ்சம் முன்னால் நீட்டி வையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் கல்லின் அடியோடு ஒட்டிப் பின்பக்கம் போய்விடும்.

விளிம்பின் ஒவ்வொரு செ.மீ. அகலத்துக்கும் மணிக்கு சுமார் 150 லிட்டர் ஓடினால்தான் தண்ணீர் திரைபோல் விழும். 20 செ.மீ. விளிம்புக்கு 3,000 லிட்டர். பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் எண் உயரமே இல்லாதபோது தருவது, ஒரு மீட்டர் ஏற்றினால் குறையும். அதனால் பெட்டியின் உயர அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் மீன் கடைகளில் பல வகை பம்புகள் கிடைக்கும்.

உறைக் குளத்துக்கு அருவி சின்னதாகவே இருக்கட்டும். பம்ப் ஓடும்போது மேலே 60 லிட்டர் தங்கினால் உறையில் மட்டம் 5 செ.மீ. இறங்கும். 3,600 லிட்டர் ஷீட் குளத்தில் அது கண்ணுக்கே தெரியாது. பெரிய அருவிதான் ஆசை என்றால், ஷீட்டைத் தேர்ந்தெடுக்க இதுவே போதுமான காரணம்.

60 வாட் பம்ப் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அதனால் பலர் மாலையில் வேடிக்கைக்கு ஓடவிட்டு, தூங்கப் போகும்போது நிறுத்திவிடுகிறார்கள். மீன் இருந்தால் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். இரவில் செடிகளும் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, விடியற்காலையில்தான் அது மிகவும் குறைகிறது. பகலில் வேண்டுமானால் நிறுத்துங்கள், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஓடும்படி டைமர் வையுங்கள். அந்த இணைப்பில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம் இருக்கட்டும்.