அம்மா கேட்கும் கேள்விகளும் 24 வருட மாயாஜாலப் படங்களும்

காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் இல்லை நான். மந்திரவாதிகளும் டிராகன்களும் வரும் தடித்தடியான ஆங்கில நாவல்களைப் படம் பார்ப்பதற்கு முன் தொட்டதும் இல்லை. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து மிட் வேலி பேரங்காடித் திரையரங்குக்குப் போய், அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, திரையில் வருவதை வருகிறபடியே பார்க்கிற ஆள். 2001இல் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்தில் தொடங்கிய பழக்கம், இன்னும் விடவில்லை. இந்த வகைப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூலக்கதையைக் கரைத்துக் குடித்தவர்கள். ஒன்றும் தெரியாமல் போய் உட்காருகிறவனின் அனுபவத்தையும் ஒருமுறை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

என் அளவுகோல் அம்மாதான். அவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கிலம் அங்கங்கே ஒரு சொல் புரியும், மலாய் நன்றாக வாசிப்பார். இங்கே ஆங்கிலப் படம் என்றால் திரைக்குக் கீழே மலாயிலும் சீனத்திலும் வசனம் ஓடும். அம்மா மலாய் வரியைப் பிடித்துக்கொண்டு கதையோடு போய்விடுவார். புரியாத இடம் வந்தால் என் மணிக்கட்டைப் பிடித்து, "இது யாரு?", "இவன் ஏன் அவன்கிட்ட கோவமா இருக்கான்?" என்று கேட்பார். ஒரு படத்துக்கு ஐந்து கேள்விக்குள் இருந்தால் படம் நல்லபடியாக எடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் இந்தக் கணக்கு பெரிதாகத் தப்பியதில்லை.

அந்த முதல் படத்தில் அவர் கேள்வியே கேட்கவில்லை. ஏன் என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, எல்லாரும் தேடும் அந்த மாய மோதிரத்தின் கதை முழுவதையும் சொல்லிவிடுகிறார்கள். யார் செய்தது, எப்படி ஆற்றில் விழுந்தது, யார் கையில் எத்தனை காலம் கிடந்தது எல்லாம் வந்துவிடுகிறது. அதன் பிறகுதான் பச்சைப் பசேலென்ற அந்தக் கிராமத்தைக் காட்டுகிறார்கள். பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் எடுத்த அந்தப் புல்வெளி திரையில் விரியும்போது, அம்மாவுக்கு வேண்டிய முன்கதை எல்லாம் கைக்கு வந்துவிட்டது. மூன்று மணி நேரம் நெருங்கும்போது படம் பாதி வழியில் நின்றது. அப்போதுதான் திரும்பி, "முடிஞ்சிருச்சா? மீதி?" என்றார். மீதிக்கு 2002, 2003 என்று காத்திருந்தோம்.

அம்மாவுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. அவர் சிறுமியாக இருந்தபோது தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி 'மாயா பஜார்' காட்டினார்களாம். 1957இல் விஜயா நிறுவனம் எடுத்த படம். கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் உட்கார்ந்து ஒரு கல்யாணச் சாப்பாட்டையே காலி செய்வதைப் பார்த்தவருக்கு, 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டாம் பாகத்தில் மரங்கள் நடந்து வந்து கோட்டையை உடைப்பது ஒன்றும் நம்ப முடியாத விஷயமாக இல்லை. 'மாயா பஜார்' எடுத்த நாகி ரெட்டியும் சக்ரபாணியும்தான் 1947இல் 'அம்புலிமாமா' சிறுவர் இதழைத் தொடங்கியவர்கள். பழைய கதையை எடுத்து வேறொரு உருவத்தில் சொல்வது நம் ஆட்களுக்கு எப்போதோ கைவந்த வேலை. மூன்றாம் பாகத்தில் எரிமலைச் சரிவில் நடக்க முடியாமல் விழுந்த நாயகன் ஃப்ரோடோவை அவன் நண்பன் சாம் முதுகில் தூக்கிக்கொண்டு ஏறும்போது, "அனுமாரு ராமரைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பாகம் 11 ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு 11ஐயும் வாங்கியது. எங்கள் வீட்டில் அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

படம் முடிந்த பிறகுதான் புத்தகத்தை வாங்கினேன். காட்டில் பாடிக்கொண்டு திரியும் டாம் பாம்படில் என்ற ஆள் படத்தில் இல்லவே இல்லை. ஆற்றங்கரையில் ஃப்ரோடோவைக் காப்பாற்றும் இடத்தில் புத்தகத்தில் எல்ஃப் என்னும் மாய இனத்து வீரன் ஒருவன் துணைக்கு வருகிறான், படத்தில் அதை ஆர்வென் என்ற எல்ஃப் பெண் செய்கிறாள். எல்லாம் முடிந்து ஊர் திரும்பினால் ஊரே பாழாகிக் கிடக்கும் பகுதியையும் படத்தில் விட்டுவிட்டார்கள். அலுவலகத்தில், இந்த நாவலை எழுதிய டோல்கீன் மீது பைத்தியமான நண்பர் ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். "விடுங்க அண்ணே, எனக்கு எங்கேயும் ஓட்டை தெரியலையே" என்று நான் சமாதானம் சொல்வேன். அன்றைக்கு அது எனக்கு முழு உண்மையாகப் பட்டது. இதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அதே இயக்குநர் 1937இல் வந்த ஒரே ஒரு சின்னப் புத்தகத்தை, 'தி ஹாபிட்'டை, 2012 முதல் 2014 வரை மூன்று படமாக இழுத்தார். முன்பு பெரிய புத்தகத்தைச் சுருக்கத் தெரிந்தவர் இங்கே சின்னதை நீட்டினார். மூன்றாவது படத்தின் சண்டையில் அம்மா தூங்கிவிட்டார். கேள்வி ஒன்றும் இல்லை என்றாலும் இந்த முறை நான் அதைப் படத்துக்குப் பெருமையாக எழுத மாட்டேன்.

ஹாரி பாட்டர் படங்களை அக்கா மகளோடு பார்த்தோம். ஏழு புத்தகங்களையும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை. 2004இல் வந்த மூன்றாவது படம் எனக்கு இந்த வரிசையிலேயே பிடித்தது. அல்ஃபோன்சோ குவாரோன் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மழையும் குளிரும் கொண்டுவந்தார். வெளியே வந்ததும் பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாமா, அந்த வரைபடத்தைச் செஞ்சது யாருன்னே சொல்லலை. ஹாரியோட மந்திரத்துல ஏன் மான் வருதுன்னும் சொல்லலை" என்றாள். வரைபடத்தைச் செய்தவர்களில் ஒருவர் ஹாரியின் அப்பா, அவர் மானாக உருமாறக்கூடியவர் என்று அவள் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து விளக்கியபோது எனக்குச் சிலிர்த்தது. ஒரே ஒரு நிமிட வசனத்தில் எனக்கும் அது கிடைத்திருக்கும். ஒன்றைச் சுருக்குவதற்கும் கதையின் உயிர் நரம்பை வெட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு என்று அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது. வரிசையிலேயே பெரிய புத்தகமான ஐந்தாவதை 138 நிமிடத்தில் முடித்தார்கள். அதில் அம்மா என் மணிக்கட்டை விடவேயில்லை.

காமிக்ஸ் படங்களுக்கு வருகிறேன். சாம் ரைமி 2002இல் எடுத்த ஸ்பைடர்மேன் எங்கள் வீட்டுக்கு மிகவும் நெருக்கமானது. காமிக்ஸில் அந்தப் பையன் சிலந்தி நூல் வீசும் கருவியைத் தானே செய்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வானாம். படத்தில் நூல் அவன் கையிலிருந்தே வருகிறது. காமிக்ஸ் ரசிகர்கள் அதற்கு மிகவும் கோபப்பட்டார்கள். எனக்கு அந்த மாற்றம் சரியாகவே பட்டது, உடம்பு மாறிப்போன பையனின் தவிப்பு அதில்தான் தெரிந்தது. 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஓடும் ரயிலை உடம்பால் நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறான். முகமூடி இல்லை. பயணிகள் அவனைத் தலைக்கு மேல் கைமாற்றிக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள். முகத்தைப் பார்த்தவர்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். அம்மா அழுதார். தன் மகனும் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவன் என்பதால் இருக்கலாம். இன்றைக்கும் எனக்குப் பிடித்த காமிக்ஸ் படம் அதுதான்.

2008இல் வந்த பேட்மேன் படமான 'தி டார்க் நைட்' வேறு மாதிரி. இரண்டு படகு, இரண்டிலும் குண்டு, ஒன்றில் கைதிகள், மற்றதில் சாதாரண மக்கள். எதிர்ப் படகை வெடிக்க வைக்கும் கருவி ஒவ்வொரு படகிலும் இருக்கிறது. கைதி ஒருவன் அந்தக் கருவியை வாங்கி சன்னல் வழியாகத் தண்ணீரில் எறிகிறான். அரங்கில் சத்தமே இல்லை. எந்தக் காமிக்ஸும் படிக்காத எனக்கு அந்தக் காட்சி இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

அதே வருடம் 'அயர்ன் மேன்' வந்தது. பெயர்ப் பட்டியல் முடிந்த பிறகு, அடுத்து வரப்போவதற்கு முடிச்சுப் போடும் ஒரு குட்டிக் காட்சி. அதிலிருந்து எல்லாம் மாறியது. கூட்டம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும், துடைப்பத்தோடு வந்த பணியாளர்கள் வாசலில் நிற்பார்கள். 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' இப்படி ஒன்றோடு ஒன்று கோத்த அந்த மார்வெல் வரிசையில் 22ஆவது படம். அம்மா அவற்றில் ஆறோ ஏழோதான் பார்த்திருந்தார். ஆனாலும் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் சாகும்போது அவருக்குப் புரிந்தது, ஏனென்றால் அந்த ஆளை முதல் படத்திலிருந்தே தெரியும். மூன்று மணி நேரத்தில் ஏழு கேள்வி, அதை நான் மன்னித்துவிட்டேன்.

நடுவில் வந்தவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 2011இன் 'கிரீன் லேன்டர்ன்', 2015இன் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இரண்டும் எங்களுக்குக் காசுக்கும் நேரத்துக்கும் நஷ்டம். முப்பரிமாணப் படங்களும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அந்தக் கண்ணாடி வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஒரு அரங்கில் படம் ஏற்கனவே மங்கலாக ஓடியது, அம்மா தன் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியும் போட்டுக்கொண்டு தலைவலியோடு வந்தார். மலாய் வரி இரட்டையாகத் தெரிந்ததாம். அதற்குப் பிறகு சாதாரணத் திரை மட்டும்தான். அம்மாவை இந்த மாதிரிப் படத்துக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, அரங்குகள் மூடின. நாங்கள் வீட்டிலிருந்த காலத்தில் கதைகள் தொலைக்காட்சித் தொடர்களுக்குள் குடிபோயின. 2022இல் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' இரண்டாம் படத்துக்கு ஆசையாகப் போனோம். வாண்டா என்ற பெண் தன் இரண்டு பிள்ளைகளுக்காக உலகத்தையே கலக்குகிறாள். "இந்தப் புள்ளைங்க யாரு? எப்பப் பொறந்துச்சு?" அது 2021இல் வந்த ஒரு தொடரில் இருக்கிறது. நானும் அதைப் பார்க்கவில்லை. ஒரு தாயின் துக்கத்தில் அம்மா அழ வேண்டிய இடம் அது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் படத்தை எடுத்தவர் அதே சாம் ரைமி என்று தெரிந்தபோது மனசு கனத்தது. ஒரு டிக்கெட் வாங்கினால் ஒரு கதை முழுதாகக் கிடைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். வீட்டுப்பாடம் முடித்துவிட்டு வா என்று பார்வையாளனிடம் சொல்லும் படத்தை எவ்வளவு பிரமாண்டமாக எடுத்தாலும் என்னால் நல்ல தழுவல் என்று சொல்ல முடியவில்லை.

அதே 2022, செப்டம்பர் 30. 'பொன்னியின் செல்வன்'. இந்த முறை இடம் மாறியது. கல்கி 1950இலிருந்து 1954 வரை தொடராக எழுதிய ஐந்து பாகத்தையும் அம்மா பலமுறை படித்தவர். நான் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. மணிக்கட்டைப் பிடித்தவன் நான், பதில் சொன்னவர் அம்மா. படம் போர்க்களத்தில் தொடங்கியதும், "ஏரிக்கரை எங்க? ஆடிப்பெருக்கு எங்க?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். புத்தகத்தில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருவதில்தான் எல்லாம் தொடங்குகிறதாம். எனக்கோ படம் மிகவும் பிடித்தது, ஆட்களும் இடங்களும் தெளிவாகப் புரிந்தன. மறு வருடம் இரண்டாம் பாகம் முடிந்து படி இறங்கும்போது அம்மா பேசவே இல்லை. காரில் ஏறிய பிறகு, "மணிமேகலையை அப்படியே எடுத்துட்டாங்களே, ஐயா" என்றார்.

யார் மணிமேகலை என்றேன். கந்தமாறனின் தங்கை, வந்தியத்தேவனை நினைத்து நினைத்தே தேய்ந்து, கடைசி அத்தியாயத்தில் அவன் மடியில் உயிர் விடுகிற பெண். பதினாறு வயதில் தோட்டத்து லய வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் படித்து அழுததை அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அந்தப் படத்தில் ஓர் ஓட்டையும் தெரியவில்லை. ஆனால் அம்மாவுக்கு அறுபது வருடமாகத் தெரிந்த ஒரு பெண் அந்த ஊரிலேயே இல்லாமல் போயிருந்தாள். அலுவலக நண்பரின் டாம் பாம்படில் அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் மதியம் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு படத்தில் ஐந்து பாகத்தையும் அடைக்க ஆட்களைக் குறைக்காமல் முடியாது, அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் படிக்காதவனுக்குத் தெரியவில்லை என்பதை வைத்துப் படித்தவரின் வருத்தத்தை அடக்கப் பார்த்தது என் தவறு.

2025இல் நல்ல காலம் திரும்புகிற மாதிரி தெரிந்தது. ஜேம்ஸ் கன்னின் 'சூப்பர்மேன்' சில வரி எழுத்தில் முன்கதையைச் சொல்லிவிட்டு, தோற்றுப்போய்ப் பனியில் விழுந்து கிடக்கும் நாயகனிடம் நேராகக் கூட்டிப்போனது. ஒரு நாய் வந்து அவனை இழுத்துக்கொண்டு போகிறது. அம்மா அந்த நாயின் பெயரை மட்டும் கேட்டார். அதே மாதம் வந்த புதிய 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படமும் வேறு எந்தப் படத்தையும் பார்த்திருக்கச் சொல்லவில்லை, நான்கு வருடக் கதையை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாகக் காட்டி முடித்துவிட்டது. அதற்கு இரண்டு கேள்வி.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, அதனால் ஓர இருக்கையாகப் பார்த்துப் பதிவு செய்கிறேன். 'பொன்னியின் செல்வன்' நான்காம் பாகத்தில் இருக்கிறேன். ராத்திரி சாப்பிட்டதும், "எதுவரைக்கும் வந்திருக்க?" என்று கேட்பார். மணிமேகலை வரும் பக்கம் என்றால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்.