பிள்ளைக்கு பைபிள் பேர் தேடுறவங்களுக்கு: பிஹைண்ட் த நேம் சைட் எப்படி இருக்கு

5க்கு 5 தாராளமா குடுப்பேன். எங்க வீட்ல பொறந்த பையனுக்கு ஸ்டீபன்னு வைக்கலாமான்னு பேச்சு வந்துச்சு, மொதல்ல காசு கட்டி ஒரு பேபி நேம் ஆப் எறக்குனோம். அதுல ஸ்டீபன்னு போட்டா "இயேசுவின் 12 சீடர்களில் ஒருவர்"னு வருது, கீழ லக்கி நம்பர், லக்கி கலர் வேற. தமிழ் பைபிள்ல ஸ்டீபனை ஸ்தேவான்னு சொல்வாங்க, பன்னிரண்டு பேர்ல ஸ்தேவான் எங்கங்க இருக்காரு? பைபிள்ல அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைத் தொறந்து பாத்திருந்தாலே போதும், அன்னைக்கே அந்த ஆப்பைத் தூக்கிட்டேன்.

அப்புறம்தான் பிஹைண்ட் த நேம் பாத்தேன். 1996ல மைக் கேம்ப்பெல்னு ஒருத்தர் ஆரம்பிச்ச சைட், பேர் தேடிப் படிக்க காசு கிடையாது. மூலமொழி எது, கிரேக்க எழுத்துல எப்படி எழுதுவாங்க, யாரால பரவுச்சு, மத்த மொழிகள்ல என்னவாச்சு எல்லாம் சுருக்கமா இருக்கு. ஸ்டீபனோட கிரேக்க மூலம் ஸ்டெபனோஸ், அப்டின்னா கிரீடம், மாலை. பந்தயத்துல ஜெயிச்சவன் தலையில வைப்பாங்களே அந்த இலை வளையம். மத்தேயு 27ல வர்ற முள்முடிக்கும் கிரேக்கத்துல இதே சொல்தான், இதைக் கேட்டதும் எங்கம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

அந்த சைட்ல ஆரம்பிச்சு மத்ததையும் தேடிப் படிக்க ஆசை வந்துருச்சு, அதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது. எருசலேம்ல இருந்த யூதருக்கு ஏன் கிரேக்கப் பேர்னு எனக்கு ரொம்ப நாளா கேள்வி. அப்போஸ்தலர் 6ல, கிரேக்கம் பேசுற விதவைகளை தினசரி பந்தியில கவனிக்கலன்னு முறுமுறுப்பு வருது, அதுக்காக ஏழு பேரைத் தேர்ந்தெடுக்குறாங்க, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவுன்னு ஏழுமே கிரேக்கப் பேர்! அதுல முதல் பேரு ஸ்தேவான். ஆனா பேர் அவருக்கு முன்னாடியே இருந்ததுதான், கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் வழக்குப் பேச்சுகள்லயே ஸ்டெபனோஸ்னு ஆள் வர்றாரு. ஸ்தேவானைக் கல்லெறிஞ்சு கொன்னாங்களே, விசுவாசத்துக்காக உயிர் குடுத்த முதல் ரத்தசாட்சி, அதனாலதான் இந்தப் பேர் உலகம் முழுக்கப் போச்சு. பிரெஞ்சுல எத்தியென், ஸ்பானிஷ்ல எஸ்தேபான், ஹங்கேரியில இஷ்ட்வான். வொய்க்னு இருந்த ஹங்கேரி இளவரசர் ஞானஸ்நானத்துல இந்தப் பேர் வாங்கி, கி.பி. 1000 வாக்குல அந்த நாட்டோட முதல் கிறிஸ்தவ ராஜாவா முடிசூடினாரு, ஆகஸ்ட் 20 இன்னைக்கும் அங்க தேசியத் திருநாள். இங்கிலாந்துல 1135ல இருந்து 1154 வரைக்கும் ஆண்ட ராஜாவும் ஸ்டீபன்தான்.

நம்ம கத்தோலிக்கப் பெரியவங்க இதே பேரைத்தான் முடியப்பர்னு சொல்றாங்க, பேரன் வரைக்கும் முடியப்பன்னு வச்சவங்க இருக்காங்க. அந்த விஷயம் எனக்கு எங்க தாத்தா மூலமாத்தான் தெரியும்.

சைட் இங்கிலீஷ்ல இருக்கு, வீட்ல பெரியவங்களுக்கு நீங்கதான் வாசிச்சுச் சொல்லணும். யூசர்ஸ் அனுப்புற பேர்களுக்குன்னு தனிப் பகுதி ஒண்ணு இருக்கு, அதையும் சைட்காரங்களே எழுதுன மெயின் பக்கத்தையும் ஒண்ணா எடுத்துக்காதீங்க. ஒரு பேரோட மத்த மொழி வடிவங்கள் இருக்குற பக்கத்தைக் கண்டிப்பா தொறந்து பாருங்க, பொண்ணு பொறந்தா வைக்கிற ஸ்டெபானியும் அங்கயே கிடைக்கும். எங்க வீட்ல சர்டிபிகேட்ல ஸ்டீபன், தாத்தா மட்டும் முடியப்பான்னுதான் கூப்பிடுறாரு.