மேசா 7ஐ76இ: சுங்கை சிப்புட் பட்டறையில் நாள்பட்ட பயன்பாட்டுக்குப் பிறகு

பழைய சிஎன்சி லேத்தில் (கணினி ஓட்டும் கடைசல் மிஷின்) அடித்தளமான பெட்டும், வேலைப்பொருளைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் லேசில் சாகாது. முதலில் போவது கன்ட்ரோலர்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனை ஆலைகளுக்கு ஷாஃப்ட், புஷ், ஸ்ப்ராக்கெட் கடைந்து கொடுக்கும் பட்டறைகளுக்கு இது பழகிப்போன தலைவலி. உதிரி போர்டு கிடைக்காத மிஷினை லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளுக்கு மாற்றி, கணினிக்கும் மோட்டார்களுக்கும் நடுவே ஈதர்நெட்டில் மாட்டும் மேசா எலக்ட்ரானிக்ஸின் 7ஐ76இ கார்டில் சில வருஷமாக ஓட்டுகிறோம். கார்டு நம்பகமானது. நேரத்தைத் தின்றதெல்லாம் அதைச் சுற்றியுள்ள வயரிங்.

பழைய கணினிகளின் பிரிண்டர் போர்ட்டான பேரலல் போர்ட் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் பால்ஸ்க்ரூ (திருகுத் தண்டு), சுற்றுக்கு 2000 பல்ஸ் (மோட்டாரை அடி அடியாக நகர்த்தும் மின்துடிப்பு) என்றால் மில்லிமீட்டருக்கு 400 பல்ஸ். நிமிடத்துக்கு 6000 மில்லிமீட்டர் வேகத்தில் ஓட வினாடிக்கு 40,000 பல்ஸ் வேண்டும். கணினியே பல்ஸ் தயாரிக்கும் முறையில் அது ஏறக்குறைய உச்சவரம்பு, நடுக்கம் தனி. 7ஐ76இ-யில் பல்ஸை கார்டிலுள்ள எஃப்பிஜிஏ சிப் தயாரிக்கிறது. கணினி 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை வேகத்தை மட்டும் சொன்னால் போதும். ஐந்து அச்சுக்கு ஸ்டெப்-டைரக்‌ஷன் (எத்தனை அடி, எந்தத் திசை என்று சொல்லும் சிக்னல்), 32 இன்புட், 16 அவுட்புட், ஸ்பிண்டிலுக்கு என்கோடர் (சுழற்சியை அளக்கும் சென்சார்) இன்புட்டும் அனலாக் அவுட்புட்டும் ஒரே கார்டில் வருகின்றன. இடம் போதாவிட்டால் 7ஐ84 போன்ற கூடுதல் இன்புட்-அவுட்புட் கார்டை ஒரு கேட்5 கேபிளில் இழுத்து டூல் சேஞ்சர் பக்கத்திலேயே மாட்டிவிடலாம்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் 24 வோல்ட் சப்ளை. கார்டின் மூளைக்கு 5 வோல்ட், வெளி இன்புட்-அவுட்புட் பக்கத்துக்குத் தனியாக 24 வோல்ட். லினக்ஸ்சிஎன்சி தொடங்கும்போது இந்த 24 வோல்ட் இல்லையென்றால் அந்தப் பக்கம் இருப்பதே மென்பொருளுக்குத் தெரியாது. ‘பின் (இணைப்புக் கால்) இல்லை’ என்று பிழை காட்டி நின்றுவிடும். புதிதாக மாட்டுபவர் கான்ஃபிக் ஃபைலில்தான் தப்பு என்று நினைத்து இரவெல்லாம் தேடுவார். எமர்ஜென்சி ஸ்டாப்பில் 24 வோல்ட் முழுவதையும் வெட்டினாலும் இதே கதிதான்: சீரியல் தொடர்பு அறுந்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டிவரும். இதற்குத்தான் கார்டில் வெளிப் பக்கத்தின் லாஜிக் சப்ளையையும் அவுட்புட் சப்ளையையும் பிரிக்க ஒரு ஜம்பர் கொடுத்திருக்கிறார்கள். லாஜிக்குக்கு வெட்டுப்படாத 24 வோல்ட், அவுட்புட்டுக்கு எமர்ஜென்சி ரிலே வழியாக வரும் 24 வோல்ட் என்று பிரித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. டிரைவ்களின் (மோட்டாரை ஓட்டும் பெட்டிகள்) பவரை மட்டும் மென்பொருளை நம்பி விடாமல் காண்டாக்டரிலேயே நேராக வெட்ட வேண்டும்.

சென்சார் வாங்கும்போது பிஎன்பி (சிக்னலாக 24 வோல்ட்டைத் தருவது) என்று கேட்டு வாங்குங்கள். கடையில் சுலபமாகக் கிடைப்பது என்பிஎன் (சிக்னல் ஒயரை பூஜ்ய வோல்ட்டுக்கு இழுப்பது), அதை நேரே மாட்டினால் இந்தக் கார்டு படிக்காது. கையில் இருப்பது அதுதான் என்றால் இன்புட்டுக்கும் 24 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, மென்பொருளில் தலைகீழாகப் படிக்கவைக்கலாம். அவுட்புட் ஒவ்வொன்றும் 300 மில்லிஆம்ப் வரைதான் தாங்கும். ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு போடாமல் விட்டால் அணையும் நேரத்தில் எழும் எதிர் வோல்ட்டேஜ் அவுட்புட்டைப் பதம் பார்க்கும்.

அடுத்தது, அளவு மெதுவாக ஒரே பக்கம் நகரும் நோய். காலையில் சரியாக வந்த புஷ் மதியம் 0.2 மில்லிமீட்டர் தள்ளி வரும். கப்ளிங்கை இறுக்குவார்கள், பேக்லாஷ் (திருகின் தளர்வு) பார்ப்பார்கள், ஒன்றும் மாறாது. டைரக்‌ஷன் மாறியதும் டிரைவ் அதைக் கவனிக்கும் முன்பே அடுத்த பல்ஸ் வந்துவிடுவது ஒரு காரணம். ஸ்டெப் பிளஸ், மைனஸ் இடம் மாறி, டிரைவ் பல்ஸின் தவறான விளிம்பை எண்ணுவது இன்னொரு காரணம். இரண்டிலும் திரும்பும்போதெல்லாம் ஒரு பல்ஸ் தொலையும். நம் கணக்கில் அது 0.0025 மில்லிமீட்டர், 100 முறை திரும்பினால் 0.25. சோதிப்பது சுலபம்: டயல் கேஜை வைத்து, 10 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் 100 முறை ஓடும் ஒரு சின்ன புரோகிராம். முள் பூஜ்யத்துக்குத் திரும்பாவிட்டால் டைரக்‌ஷன் செட்டப், ஹோல்டு (திசை மாற்றத்துக்கும் பல்ஸுக்கும் நடுவே விடும் நேரம்) இரண்டையும் 20,000 நானோவினாடிக்கு உயர்த்திப் பாருங்கள். அப்படியும் நகர்ந்தால் ஸ்டெப் ஒயரின் பொலாரிட்டியை மாற்றுங்கள்.

ஈதர்நெட் கேபிள் கணினியிலிருந்து நேராகக் கார்டுக்கு வரவேண்டும், நடுவே சுவிட்ச் கூடாது. கார்டில் முதலில் இருக்கும் முகவரி 192.168.1.121, பல வீட்டு ரவுட்டர்களும் அதே வரிசை. ஜம்பரை மாற்றி 10.10.10.10 ஆக்கி, கணினிக்கு 10.10.10.1 கொடுப்பது நிம்மதி. இன்டெல் நெட்வொர்க் சிப்பாக இருந்தால் இன்டரப்ட் கோலெஸிங்கை (பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்து மொத்தமாகத் தெரிவிக்கும் வசதி) அணைக்காமல் விடாதீர்கள். இல்லாவிட்டால் பாக்கெட் தாமதமாகி, நடு வேலையில் மிஷின் நிற்கும்.

ஸ்பிண்டில் இன்வெர்ட்டருக்கு (மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டி) அனலாக் இணைப்பு வால்யூம் கன்ட்ரோல் மாதிரிதான்: 10 வோல்ட், காமன், நடுக்கால், மூன்றே ஒயர். மரை வெட்ட என்கோடரின் இசட் ஒயர் (சுற்றுக்கு ஒருமுறை சிக்னல் தருவது) கட்டாயம். அது அறுந்தால் எந்தப் பிழையும் காட்டாமல் டூல் அப்படியே காத்து நிற்கும்.

இந்த ஊருக்கே உரிய எதிரி இடி. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் மாலை மழைக்கு முன் மெயின் சுவிட்சை இறக்குவதோடு, ஈதர்நெட் கேபிளையும் பிடுங்கிவிட வேண்டும். எங்களிடம் ஒருமுறை நீளமான லிமிட் சுவிட்ச் கேபிள் வழியாக வந்த சர்ஜ் 7ஐ84-ஐக் கொன்றது, தாய்க் கார்டு பிழைத்தது. பச்சை டெர்மினல்களை அப்படியே கழற்றிப் புதுக் கார்டில் சொருகினோம், ஒரு ஒயரைக்கூட அவிழ்க்கவில்லை. மாடுலர் என்பதற்குக் கொடுத்த காசு அன்றைக்கே வசூல். அந்தத் திருகுகள் மிஷின் அதிர்வில் தளரும் என்பதால் ஒயர் நுனிக்கு ஃபெரூல் போட்டு, ஆண்டுக்கு இருமுறை இறுக்க வேண்டும். பேனலின் கேபிள் ஓட்டைகளை அடைக்காவிட்டால் எறும்பு ரிலேக்குள் குடியேறும், பல்லி இன்வெர்ட்டருக்குள்.

ஸ்பேர் கார்டு ஒன்றை வாங்கி அலமாரியில் வைப்பதானால், பெட்டியைப் பிரிக்காமல் வைக்காதீர்கள். ஓடுகிற கார்டில் உள்ள அதே ஃபர்ம்வேரை மேசாஃப்ளாஷ் மென்பொருள் மூலம் ஏற்றி, ஜம்பர்களையும் அதே மாதிரி வைத்து, மிஷினில் மாட்டி ஒரு நாள் வேலை செய்யவிட்டுப் பிறகு எடுத்து வையுங்கள்.