56,400 ரூபாய் போச்சு: செங்கோட்டைப் பக்கம் வாடகை வீடு தேடுகிறவர்கள் கவனத்துக்கு

அறுபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்து, இரண்டு மாதம் அலைந்தபின், நேற்று சாயங்காலம் என் கணக்கில் ஏறியது 21,000 ரூபாய். மிச்சம் 39,000-ஐப் பெயிண்டுக்கும் சுவருக்கும் பிடித்துக்கொண்டார்களாம். அந்தச் சுவருக்கு நான் ஏற்கெனவே கைக்காசு 17,400 செலவழித்தவன். ஆக 56,400. மண்டியில் நாள் பூராவும் ஊரார் கணக்கை எழுதுகிறவன், சொந்தக் கணக்கைக் கோட்டைவிட்டு நிற்கிறேன். இன்னொருத்தர் இதில் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வீடு செங்கோட்டையில். புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் லாரிகளில் காய்கறி ஏற்றும் மண்டியில் எனக்கு வேலை. மனைவிக்கு மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில் ஒரு லேபில் வேலை. இரண்டு பேருக்கும் தோதாக பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீடு வேண்டும் என்று தேடினோம். கிடைத்த வீட்டின் ஓனர் வளைகுடாவில் இருக்கிறார். வீடு காட்டுவது, வாடகை வசூலிப்பது, காலி செய்யும்போது கணக்கு முடிப்பது எல்லாம் இங்கே இருக்கும் ஒரு அலுவலகம். ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் நிறையச் சாவிக்கொத்து. பெயர் போட்டால் கேஸ் போடுவார்கள் என்று மைத்துனன் சொல்கிறான், அதனால் போடவில்லை. வாடகை 6,500. பதினோரு மாத ஒப்பந்தம், முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்து. பதிவு கிதிவு ஒன்றும் கிடையாது.

முதல் வருஷம் ஜூனில் சாரல் பிடித்தது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குத்தான் சாரல் சுகம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றும் தூறலும் மேற்குப் பார்த்த சுவரில் நாள் கணக்காக அடித்துக்கொண்டே இருக்கும். படுக்கையறையில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியது. விரலால் அமுக்கினால் பொக்கென்று உடைந்து உள்ளிருந்து ஈர மணல் கொட்டியது. மாட்டியிருந்த காலண்டரைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூசணம். பீரோவை ஒரு சாண் தள்ளிப் போட்டும் கல்யாணப் பட்டில் முடைநாற்றம் ஏறிவிட்டது. மகளுக்கு அப்போது மூன்று வயது. ராத்திரியெல்லாம் இருமல்.

போன் பண்ணிய அன்றைக்கே அலுவலகத்து அண்ணாச்சி குடையும் கையுமாக வந்துவிட்டார். அதில்தான் ஏமாந்தேன். வராமல் இருந்திருந்தால் எனக்கும் சந்தேகம் வந்திருக்கும். வாசலில் சாக்கில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து, சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மகள் இருமியதும் “ச்சே, பிள்ளைக்கு ஆகாதுல்லா” என்றார். காபி குடித்தார். “ஓனர்ட்ட பேசிட்டேன் தம்பி. அவரு அங்கேருந்து எங்க ஆள் அனுப்ப? நீங்களே நல்ல கொத்தனாரா வச்சுப் பாத்துக்கிடுங்க. பில்லை மட்டும் பத்திரமா வைங்க, வாடகையில கழிச்சுக்கிடலாம்.” எழுத்தில் ஒரு வரி கொடுங்க அண்ணாச்சி என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தார். டம்ளரைக் கழுவி வைக்கிற மனுஷனிடம் கையெழுத்து எப்படிக் கேட்பது?

கொத்தனார் வந்தார். கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஜன்னல் வரை கணீரென்று கேட்டது, அதைத் தாண்டியதும் டொப் டொப் என்று பொள்ளல் சத்தம். மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: “கீழ பூசி என்ன பிரயோஜனம்? மாடியில பதிச்ச தட்டோட்டுல சந்து விட்டிருக்கு, மழைத்தண்ணி குழாய் மூட்டு விட்டிருக்கு. தண்ணி சுவருக்குள்ளேயே இறங்குது.” பழைய பூச்சை நாலடி உயரத்துக்குக் கொத்தி எடுத்து, குழாயை மாற்றி, மாடியில் சந்தை அடைத்து, கசிவைத் தடுக்கும் மருந்து கலந்து பூசி முடிக்க நாலு நாள். கொத்தனார், சித்தாள் கூலி 6,800. சிமெண்ட், மணல், குழாய், மருந்து 8,100. அந்த ஒரு அறைக்குப் பெயிண்ட் 2,500. மொத்தம் 17,400. எல்லாப் பில்லும் இருக்கிறது.

அடுத்த மாத வாடகையில் கழிக்கட்டுமா என்று கேட்டேன். “இந்த மாசம் முழுசாப் போட்டுருங்க, ஓனர் வீட்ல விசேஷம்.” அதற்கடுத்த மாதம், “கணக்கு வருஷம் முடியட்டும்.” அப்புறம், “காலி பண்ணும்போது ஒட்டுமொத்தமாப் பாத்துக்கிடலாம், உங்க காசு எங்க போகுது?” எங்கே போகிறது என்று இப்போது தெரிகிறது.

மூன்று வருஷம் இருந்தோம். மகளின் பள்ளிக்கூடத்துக்காகத் தென்காசிக்கு மாறினோம். வீட்டைக் கூட்டிக் கழுவிவிட்டு, சாவியைக் கையில் கொடுத்தேன். அண்ணாச்சி சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார். அதன்பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. போனில் ஒரு பொண்ணு: “சார் சைட்டுக்குப் போயிருக்காங்க.” “சார் தென்காசி போயிருக்காங்க.” நான் தென்காசியில் இருந்துதான் பேசுகிறேன் என்றால், “அப்ப இப்பத்தான் கிளம்பிருப்பாங்க.” ஓனர் நம்பரை எங்கேயோ தேடிப் பிடித்துப் பேசினேன். “அதெல்லாம் ஆபீஸ் பாத்துக்கும், நான் எதிலேயும் தலையிடறதில்லை” என்றார். ஆபீசில் கேட்டால், “ஓனர் சொன்னாத்தான் நாங்க செய்ய முடியும்.” இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, இடையில் என் காசு.

கடைசியில் டைப் அடித்த ஒரு தாள் வந்தது. முழு வீட்டுக்கும் பெயிண்ட் 28,000. சுவர் ஓதம், அதாவது ஈரக்கசிவு, சரிசெய்ய 7,500. கதவு, பூட்டு, குழாய் 3,500. ஓதமாம்! எந்தச் சுவரை நான் 17,400 போட்டுச் சரிசெய்தேனோ, அதே சுவருக்கு என்னிடமே 7,500. பில்லைக் கொண்டுபோய் மேசையில் விரித்தேன். அன்றைக்கு உட்கார்ந்திருந்தது வேறொரு பையன். “இதுக்கு எங்க ஆபீஸ் அனுமதி லெட்டர் இருக்கா?” என்று கேட்டான். பெயிண்ட் எப்படி என் தலையில் வரும் என்றதற்கு, ஓனர் கொல்லத்துக்காரராம், அவர்கள் பக்கம் வாடகைக்காரர்தான் அடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம். கேரளத்துக்கு 1965-ஆம் வருஷத்துச் சட்டம் தனியாக இருக்கிறது, அது அங்கே உள்ள வீடுகளுக்கு. வீடு எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான். செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, இப்போது தமிழ்நாடு என்கிற அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. அந்த அலுவலகத்துக்கு மட்டும் இன்னும் சேதி எட்டவில்லை போல.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் கோர்ட் பக்கத்து டீக்கடையில் பழக்கமான ஒரு வக்கீல் குமாஸ்தா. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கும் பொறுப்புகளுக்கும் 2017-இல் தனிச்சட்டம் போட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறதாம். நகராட்சிப் பகுதி என்பதால் செங்கோட்டைக்கும் பொருந்தும். அதன் இரண்டாவது அட்டவணையில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், கட்டட அமைப்பில் வரும் பழுது, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. நாமே இடித்து உடைத்திருந்தால்தான் கதை வேறு. குழாய் வாசர், சுவிட்ச், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு இதெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. சரி, நியாயம்தான். அடுப்படிக் குழாய் ஒழுகியது, கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் ஆடியது, இரண்டும் என் கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஐந்நூறு அறுநூறு ஆகும். 3,500 எப்படி ஆகும்?

அட்வான்ஸ் கதையைக் கேட்டதும் குமாஸ்தா டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாதாம். 6,500-க்கு மூன்று மாதம் என்றால் 19,500. நான் கொடுத்தது அறுபதாயிரம். சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மிச்சத்தைத் திருப்ப வேண்டுமாம். எனக்கு இரண்டு மாதம். உரிமையாளர் தன் பங்குப் பழுதைப் பார்க்க மறுத்தால் நாமே செய்து வாடகையில் கழிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறதாம். நான் ஒவ்வொரு மாதமும் போன் பண்ணி அனுமதி கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். “சரி, ஒப்பந்தம் பதிவு பண்ணிருக்கா? நம்பர் சொல்லுங்க” என்று கேட்டார். நான் பேசவில்லை. அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்று காலை, அந்த விலாசத்துக்கு வந்த ஒரு வங்கிக் கடிதத்தை வாங்கப் பழைய வீட்டுக்குப் போனேன். புதிதாகக் குடிவந்திருப்பவர்கள் நல்ல மாதிரி. பத்து நாள்தான் ஆகிறதாம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அடுப்படி நிலைக்கதவில் என் மகளின் உயரத்தை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தேன். மூன்று கோடும் அப்படியே இருக்கிறது. கூடத்தில் நாங்கள் ஆணி பிடுங்கிய ஓட்டை கூட அடைபடவில்லை. 28,000 ரூபாய்ப் பெயிண்ட்! ஒரு தூரிகை கூட அந்த வீட்டுக்குள் வரவில்லை. அவர்களிடம் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். எழுபதாயிரமாம். கோடுகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மண்டியிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தத்தை அந்தச் சட்டத்தின்கீழ் இருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து நம்பர் வாங்காமல் பெட்டியை இறக்காதீர்கள். “பாத்துக்கிடலாம்” என்று யார் சொன்னாலும் அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடச் சொல்லுங்கள், எத்தனை டம்ளர் கழுவினாலும் சரி. குடிபோகிற அன்று ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள், மேற்குச் சுவரை இரண்டு தடவை எடுங்கள். சாரல் நேரத்தில் வீடு பார்க்கப் போனால் காலண்டரைத் திருப்பிப் பாருங்கள். காலி பண்ணும்போது கணக்குத் தாளில் கையெழுத்து வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வாடகை அதிகாரிக்குக் கொடுக்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்து அவர்கள் என்ன சொல்வார்களோ. 56,400. அந்த அலுவலகத்தில் இப்போது போன் பண்ணினால் அந்தப் பொண்ணு கூட எடுப்பதில்லை.