வேகன் ஆர் முன் பிரேக் பேடு: நானே மாற்றி 19,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

என்னிடம் இருப்பது 2017 வேகன் ஆர், பெட்ரோல் வண்டி. தினமும் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ரயில்வே மேம்பாலத்தில் சாயங்காலம் வண்டி நகர்ந்து நின்று நகர்ந்து நிற்கும், காலை பிரேக்கிலிருந்து எடுக்கவே முடியாது. ஆம்பூர் பக்கம் ஹைவேயில் 50 கிலோமீட்டர் போனால் தேயாத பேடு அந்தப் பாலத்து நெரிசலில் தேயும்.

முதல் செட் 33,000 கிலோமீட்டர் உழைத்தது. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மாற்றினேன். அடுத்த செட் 14,000 கூடத் தாங்கவில்லை. 2021-ல் குடும்பத்தோடு ஏலகிரி போய்விட்டு இறங்குகிறோம், 14 கொண்டை ஊசி வளைவில் பாதி கூடத் தாண்டவில்லை, என் மனைவி "என்னங்க, இரும்பை ரோட்டுல இழுத்துட்டுப் போற மாதிரி சத்தம் வருதே" என்றாள். இரண்டு வாரம் முன்பே பிரேக் மிதிக்கும்போது மெல்லிய விசில் சத்தம் வந்தது, தூசி என்று விட்டிருந்தேன். அது தூசி இல்லை. பேடு தேய்ந்து கடைசிக்கு வரும்போது அதிலுள்ள சின்னத் தகடு சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் உரசி எழுப்பும் எச்சரிக்கை அது. பின் சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டாவது கியரிலேயே அடிவாரம் வரை ஊர்ந்து வந்தேன், அந்த இறக்கத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

மறுநாள் தெரிந்த மெக்கானிக் அண்ணன் டயரைக் கழற்றினார். வெளிப்பக்கப் பேடில் பாதி மிச்சம் இருக்கிறது, உள்பக்கத்தில் பேடு என்று ஒன்றுமே இல்லை, வெறும் இரும்புத் தகடு. டிஸ்க்கில் விரலை வைத்தால் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். "தம்பி, பேடு மேல தப்பில்ல. இந்தப் பின்னைப் பாரு, அசையவே இல்ல" என்றார். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்விதான் கேலிப்பர், அது இரண்டு ஸ்லைடு பின் மேல் உள்ளும் வெளியுமாக நகர வேண்டும். கிரீஸ் காய்ந்து பின் இறுகிவிட்டால் பிஸ்டன் தள்ளும் உள்பேடு மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். முன்பு பேடு மாற்றியவர்கள் அந்தப் பின்னைத் தொட்டே இருக்க மாட்டார்கள். இரண்டு டிஸ்க்கும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். 2023-ல் 78,000-ல் அடுத்த செட்டை வீட்டு வாசலில் நானே மாற்றினேன்.

செய்யப் போகிறவர்களுக்கு: சமதரை வேண்டும். வண்டியைக் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். டயர் தரையில் இருக்கும்போதே வீல் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். கேலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினாலே பேடு கைக்கு வந்துவிடும். முழுக்கக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் பாரம் தொங்கக் கூடாது. கரித்தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஸ்லைடு பின் இரண்டையும் உருவி, துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவி, விரலால் தள்ளினால் வழுக்கிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு அதிக நேரம் பிடித்தது இதற்குத்தான், ஒரு பக்கத்துக்கு அரை மணி.

புதுப் பேடு தடிமன் என்பதால் பிஸ்டனை சி கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அப்போது மேலே பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும், வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். பேடு தேயத் தேய அந்த மட்டம் தானாகவே இறங்கும் என்பதையும் அன்றுதான் கவனித்தேன், மட்டம் குறைந்திருந்தால் ஆயில் ஊற்றுவதற்கு முன் பேடைப் பாருங்கள்.

எல்லாம் மாட்டியதும் வண்டியை எடுப்பதற்கு முன் பெடலை நாலைந்து முறை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே பிடிக்காது, பெடல் தரை வரை போய்விடும். அப்புறம் விடியற்காலையில் காலியான ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகப் பிடித்துப் பிடித்து விட்டேன், பத்துத் தடவை போல. முதல் 200 கிலோமீட்டர் கொஞ்சம் மந்தமாகத்தான் பிடித்தது, பிறகு சரி.

டயரைக் கழற்றாமல் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, டார்ச் அடித்து உள்பேடைப் பாருங்கள். வெளிப்பேடை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்தால் எனக்கு ஆனதுதான் ஆகும். புதுசில் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் இருக்கும், 3-க்கு வந்துவிட்டால் இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்ற யோசனையே வேண்டாம். பின் சக்கர டிரம் ஷூவை நான் தொடுவதில்லை, அந்த ஸ்பிரிங்குகளுக்குப் பழகிய கை வேண்டும், அதை அண்ணனிடமே விடுகிறேன்.

போன ஞாயிறு 97,000-ல் டயரைக் கழற்றி அளந்தேன். உள்பேடு 6 மில்லிமீட்டர், வெளிப்பேடு ஆறரை, இரண்டு பக்கமும் அப்படியே. ஸ்லைடு பின் விரலால் தள்ளினாலே நகர்கிறது. ஒரு துளி கிரீஸ் வைத்து மூடிவிட்டேன், இனி பொங்கல் லீவில் பார்க்க வேண்டும்.