கீபோர்டு நன்றாக வாசிக்கிறார் என்று சேர்த்துக்கொண்டேன்: இசைக்குழு வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை

மொரீஷியஸில் கல்யாணம், கோயில் விழா என்று வாசித்துவரும் சிறு இசைக்குழுக்களில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைக்கு நாள் குறித்துவிட்டுக் குழு தேடும் பெற்றோரும் படிக்கலாம். எனக்குப் போனது 65,000 ரூபாய். அதோடு, நானும் கீபோர்டு வாசித்தவரும் பாதிப் பாதி போட்டு வாங்கிய மிக்சர், அதாவது மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. ஆட்களும் போனார்கள், அந்தக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன். கீபோர்டு வாசித்தவரின் பெயரை எழுதப் போவதில்லை. தீவு சிறியது. ரோஸ் ஹில்லில் தும்மினால் கியூர்பிப்பில் கேட்கும். அவரை அறிந்தவர்களுக்குத் தானே விளங்கிவிடும்.

நான் ரிதம் பேட் என்ற மின்னணுத் தாளக்கருவி வாசிப்பவன். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் சில ஆண்டுகள் மிருதங்கம் படித்தேன். கச்சேரி மேடை ஏறும் அளவுக்கு வரவில்லை. தாளம் மட்டும் கையில் தங்கிவிட்டது. எங்கள் குழுவில் ஆறு பேர். முதல் இரண்டு மணி நேரம் தமிழ்ப் பாட்டு, பிறகு இந்தத் தீவின் ஆட்டப் பாட்டான சேகா. இங்கே தமிழ்க் கல்யாண விருந்தில் இலையில் ஏழு கறியும் முடிந்து கை கழுவியபின், தாலி கட்டும்போது கண் கலங்கி நின்ற அதே பாட்டி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட எழுந்துவிடுவார். அப்போது சேகா வேண்டும். சேகாவுக்கு ரவான் என்ற தோல்கொட்டு வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் பேடில் பதிவுசெய்த ரவான் ஒலியைத் தட்டிச் சமாளித்தேன். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் சீக்கிரம் உட்கார்ந்துவிடுவார்கள். பிறகுதான் கறுப்பு ஆறு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். அறுபதைத் தாண்டிய கிரியோல்காரர், அதாவது ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்; மீன்பிடித் தொழில் செய்தவர். மாமாவைக் கூப்பிடுவது போல இங்கே ‘தோந்தோன்’ என்போம். குழுவில் எல்லோருக்கும் அவர் தோந்தோன்தான், ஒருவரைத் தவிர.

ரவானைப் பார்த்திராதவர்களுக்கு: பெரிய வட்டமான மரச்சட்டம், ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல். தொடையில் நிமிர்த்தி வைத்து இரண்டு கையாலும் தட்ட வேண்டும். ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும். ஆகையால் வாசிப்பதற்கு முன் தீயில் காட்ட வேண்டும். தீ போதாவிட்டால் ஒலி சப்பென்று இருக்கும், மிஞ்சினால் தோல் கிழியும். செயற்கைத் தோல் போட்ட ரவானும் இப்போது வந்துவிட்டது. அதற்குத் தீ வேண்டாம். தோந்தோன் அதைத் தொடமாட்டார். முதல் ஒத்திகையன்று என் வீட்டு முற்றத்தில் காய்ந்த தென்னை ஓலையைக் கொளுத்தி, ரவானை அதன்மேல் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிக் காதோடு வைத்துக் கேட்டார். மிருதங்கத்துக்குச் சுருதி கூட்டும்போது என் குருவின் முகத்தில் இருக்கும் கவனம் அதே அளவில் அந்த முகத்திலும் இருந்தது. வாசிக்கத் தொடங்கியதும் நடை திஸ்ரம், மும்மூன்றாகப் போவது, என்று என் கை கண்டுகொண்டது. ஆனால் அவர் அடி விழும் இடம் நான் எதிர்பார்த்த இடத்துக்கு மயிரிழை முன்னாலோ பின்னாலோ இருந்தது. பேடால் அதைப் பிடிக்கவே முடியாது.

கீபோர்டுக்காரர் அந்தத் தீயைப் பார்த்துவிட்டு, “பெரியவர் சமையலுக்கும் சேர்த்தா வந்திருக்கிறார், அண்ணா?” என்று தமிழில் கேட்டார். தோந்தோனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சிரித்தேன்.

பறையையும் இப்படித்தானே காய்ச்சுவார்கள் என்று அப்போதே தோன்றியது. சொல்லவில்லை. தோலைத் தொட்டு வாசிப்பவன் கீழே, கட்டையைத் தொட்டு வாசிப்பவன் மேலே என்ற அந்தப் பழைய கணக்கு கடல் தாண்டியும் கரையவில்லை. பறையின் இடத்தில் ரவான் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ரவானை “அடிமைக் கொட்டு” என்பார் கீபோர்டுக்காரர். தாம் மட்டும் லபூர்தொனே இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த காலத்தில், அதாவது 1735-க்கும் 1746-க்கும் இடையில், புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர் பரம்பரை என்று சொல்லிக்கொள்வார். இருக்கலாம். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் தென்னிந்தியக் கரையிலிருந்து அடிமைகளாகவும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள் என்பது அவர் கதையில் வராது. என் முன்னோர் பின்னால் கரும்பு வெட்ட வந்தவர்கள். அதனால் இந்தப் பெருமைப் பேச்சு நடக்கும்போது நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பேன்.

ரூபாய் நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998-ல் வந்த புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தபின் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படியே மறுபடி அச்சடித்தார்கள். சம்பளம் பிரிக்கும் இரவுகளில் இவர் ஒரு நோட்டை விளக்குக்கு எதிரே பிடித்து, “நம் எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது பார்த்தீர்களா, அண்ணா?” என்பார். எனக்கும் மயிர்க்கூச்செறியும். அடுத்த நிமிடமே தோந்தோனுக்கு அரைச் சம்பளம் போதும், அவர் ஆறு பாட்டுக்குத்தானே வாசிக்கிறார் என்பார். சேகாவை 2014-ல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததை நான் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். “பட்டியலில் சேர்த்தவர்களே சம்பளமும் கொடுக்கட்டும்” என்றார். அதற்கும் சிரித்தேன். அரைச் சம்பளம் வைத்த உறையைத் தோந்தோன் கையில் கொடுத்தது நான்தான்.

என்னிடம் கீபோர்டுக்காரர் தேன். அண்ணா என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. என் தாய்க்கு உடம்பு சரியில்லாதபோது இருமுறை காரில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். வாசிப்பிலும் குறை சொல்ல முடியாது: எந்தப் பாட்டுக்கும் இடையிசையை மனப்பாடமாக வைத்திருந்தார், பாடகிக்குத் தொண்டை கட்டினால் அந்தக் கணத்திலேயே ஒரு கட்டை இறக்கிவிடுவார். இப்படிப்பட்டவர் மற்றவர்களிடம் எப்படி நடந்தால் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். கலைஞன் என்றால் கொஞ்சம் கர்வம் இருக்கும் என்று நானே அவருக்காக வாதாடியும் இருக்கிறேன்.

கர்வம் வேறு, இது வேறு என்று இப்போது தெரிகிறது. கர்வக்காரர் மேலே இருப்பவரோடும் மோதுவார். இவர் மோதியதெல்லாம் திருப்பி அடிக்க முடியாதவர்களோடு மட்டும்தான். வயலின் வாசித்த பெண் இன்னும் மாணவி. ஒரு கல்யாணத்தில், பாட்டு நடக்கும்போதே கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, “சுருதி, தங்கச்சி, சுருதி” என்று மைக்கில் சொன்னார். மண்டபம் முழுக்கக் கேட்டது. அவள் சுருதி சரியாகத்தான் இருந்தது. கட்டையை மாற்றி அழுத்தியவர் அவர். அடுத்த ஒத்திகைக்கு அவள் வரவில்லை. ஒலியமைப்பைப் பார்த்த பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ஒரு விரல் சொடுக்குத்தான். அவன் நான்கு மாதத்தில் நின்றுவிட்டான். அதன்பின் மிக்சர் கீபோர்டு பக்கத்துக்கு வந்தது. நடந்ததிலேயே பெரிய மாற்றம் அதுதான். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மிக்சர் கைக்கு வந்ததும் தோந்தோனின் மைக்கைக் குறைக்கத் தொடங்கினார். மேடையில் இருப்பவருக்குத் தம் ஒலி வெளியே எப்படிப் போகிறது என்று தெரியாது. பெரியவர் வியர்க்க வியர்க்க வாசிப்பார். மண்டபத்தில் கேட்பது கீபோர்டின் தாளப்பெட்டி. நான் பக்கத்தில் இருந்தேன், அந்தக் கை கீழே இறங்குவதைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

இனி பணம். “நீங்கள் வாசிப்பைப் பாருங்கள், அண்ணா, ஓட்டமெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வாடிக்கையாளர் தொலைபேசி, முன்பணம், ரசீது எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். முன்பணம் அவர் கணக்குக்குப் போகும். ஒப்பந்தத் தாளில் குழுத் தலைவர் என்று கையெழுத்துப் போடுவது நான். இதை எழுதும்போது எனக்கே என் முட்டாள்தனம் பளிச்சென்று தெரிகிறது. மிக்சர் வாங்கும்போதும் பாதிப் பணத்தை நோட்டாகக் கொடுத்தேன். ரசீது அவர் பெயரில்.

ஒரு புதன்கிழமை குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து சொல்லாமல் விலகினார். வெள்ளிக்கிழமை ஃபிளாக் ஊரிலிருந்து ஒரு மணப்பெண்ணின் தந்தை கூப்பிட்டார். கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. “உங்கள் கீபோர்டுக்காரர் வேறு குழுவோடு வருகிறேன், இன்னும் கொஞ்சம் கூடும் என்கிறார். நான் கொடுத்த 30,000 என்ன ஆயிற்று?” இன்னொரு வீட்டாரிடம் வாங்கியிருந்தது 35,000. கீபோர்டுக்காரரைக் கூப்பிட்டேன். மூன்றாம் நாள்தான் எடுத்தார். முன்பணம் ஒத்திகைச் செலவுக்குப் போய்விட்டதாம். ஒத்திகை நடந்ததோ என் வீட்டு முற்றத்தில். தேநீர் போட்டது என் மனைவி. அந்தப் பேச்சில் அண்ணா என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

இரண்டாவது வீட்டாருக்குப் பணத்தை என் சேமிப்பிலிருந்து திருப்பிக் கொடுத்தேன். ஃபிளாக் கல்யாணத்தை வாசித்தே தீருவது என்று முடிவுசெய்து, போனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒலியமைப்புப் பையன் எடுக்கவே இல்லை. வயலின் பெண்ணின் தந்தை பேசினார்: “வரட்டும், ஐயா. சம்பளம் முழுதும் முன்கூட்டியே வேண்டும். நானும் கூட வந்து முன்வரிசையில் உட்காருவேன்.” அப்படியே செய்தார்; இரண்டு மணி நேரம் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தோந்தோன் கிரியோல் மொழியில் மெதுவாகச் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனை முதல் நாளே தெரிந்துகொண்டேன். என் மைக்கை அவன் குறைத்தபோதெல்லாம் நீ பக்கத்தில் இருந்தாய், மகனே.” மேடையில் இருந்தவருக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது ஆண்டு வாசித்தவருக்கு ஆடுகிறவர்களின் காலைப் பார்த்தாலே தெரியுமாம். அவர் வரவில்லை. ஃபிளாக்கில் அன்றிரவு பேடில் பதிவுசெய்த ரவானைத்தான் தட்டினேன்.

காவல் நிலையத்தில் இது பணத் தகராறு, நீதிமன்றத்துக்குப் போ என்றார்கள். வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, எழுத்தில் என்ன இருக்கிறது என்பது. என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது.

அதன்பிறகு, முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன்: கீபோர்டுக்காரரின் பழைய குழுவிலிருந்த இருவரைத் தேடிப் பேசினேன். “தாளம் தெரியாத கூட்டம்” என்று எங்களிடம் அவர் ஓயாமல் பழித்தது இவர்களைத்தான். ஒருவர் என் குரலைக் கேட்டதும், “உங்களுக்கு எவ்வளவு?” என்றார். அவருக்கு 20,000. ஆகவே புதிதாக ஒருவர் வந்து சேர்ந்து பழைய கூட்டாளிகளைத் திட்டினால், தலையாட்டிவிட்டு, அந்தக் கூட்டாளிகளின் எண்களை வாங்குங்கள். எண் தரமாட்டேன் என்றால் அதுவே பதில். குழுவிலிருந்து ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் நின்றால், ‘படிப்பு’, ‘வேலை’ என்று அவர்கள் சொல்லும் காரணத்தோடு விட்டுவிடாமல் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

கல்யாண வீட்டாருக்கு: முன்பணம் எந்தக் கணக்குக்குப் போகிறதோ, ஒப்பந்தத்தில் அந்தப் பெயரும் இருக்க வேண்டும். முடிந்தால் ஒருமுறை ஒத்திகையைப் போய்ப் பாருங்கள். பாட்டைக் கேட்பதற்கல்ல, பாட்டு நிற்கும்போது யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்ப்பதற்கு.

எங்கள் குழுவில் இப்போது கணக்குக்கு இரண்டு கையெழுத்து. எல்லோருக்கும் ஒரே சம்பளம், ஒரே தாளில், எல்லோர் கண்முன்னும். தோந்தோனுக்கு நான் அரைச் சம்பளம் கொடுத்த நிகழ்ச்சிகளை எண்ணினேன்: பதினான்கு. மீதியை ஓர் உறையில் போட்டுக்கொண்டு கறுப்பு ஆற்றுக்குப் போனேன். வலை காய்ந்துகொண்டிருந்தது. உறையைப் பிரித்து இருமுறை எண்ணினார், சட்டைப்பையில் வைத்தார், சரி என்றார். திரும்ப வருவீர்களா என்று கேட்டதற்கு யோசிக்கிறேன் என்றார். மூன்று மாதம் ஆகிறது.

மிக்சர் இன்னும் கீபோர்டுக்காரரிடம்தான் இருக்கிறது. பன்னிரண்டு சேனல், கறுப்புப் பெட்டி, இடப்பக்கக் கைப்பிடி அருகே என் மகள் வைத்த சிவப்பு நகப்பூச்சுப் புள்ளி இருக்கும், மூன்றாவது சேனலில் இரைச்சல் வரும். எங்காவது ஒரு கல்யாணத்தில் கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லுங்கள். அதில் பாதி என்னுடையது.